வன்கறியை மென்கறியாக்கிய கைகள்

மன்னன் மணிமுடி சூடிய நாள் நமக்குத் தெரியும். மாற்றான்மீது படையெடுத்த ஆண்டு தெரியும். களத்திலே கவிழ்ந்த கொடிகளின் கணக்கும் தெரியும். ஆனால் அந்த மன்னனுக்கு உணவு சமைத்தவன் பெயர் தெரியாது. சமைத்தவன் தன் வீட்டில் என்ன உண்டான், உண்டானா இல்லையா என்பதும் தெரியாது! வரலாறு என்ற பெயரால் ஏட்டிலே ஏறியிருப்பதில் பெரும்பகுதி உண்டவன் கதை. உண்ணக் கொடுத்தவன் கதை அன்று.

வகுப்பறையிலே வரலாறு கற்பிக்கும் நம்போன்றோர்க்கு இது நெடுநாள் உறுத்தல். ஆகவே, தோழர்களே, இவ்வாரம் அரண்மனை வாயிலை விட்டு விலகி, அடுக்களை வாயிலில் நுழைவோம். அதுவும் கடல் கடந்த நாட்டு அடுக்களை. அமெரிக்காவின் தென்பகுதியிலே, சிறப்பாக டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களிலே, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் மக்கள் மாலையில் அரைமணி நேரத்தில் ஆக்கி உண்ணும் எளிய உணவு ஒன்று உண்டு. மாட்டிறைச்சித் துண்டைத் தட்டி மெலிதாக்கி, மாவு புரட்டிப் பொரித்து, அதன்மேல் மிளகு மணக்கும் வெள்ளைப் பாற்குழம்பை ஊற்றி உண்பார்கள். 'சிக்கன் ஃபிரைடு ஸ்டேக்' என்று அதற்குப் பெயர். கோழியைப் பொரிப்பது போலப் பொரித்த மாட்டுக்கறி என்பது பொருள். பெயரிலே கோழி உண்டு; தட்டிலே கோழி இல்லை!

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்தச் சிறு முரண்பாட்டைப் பிடித்து இழுத்தால், அடிமைச் சந்தை வருகிறது; அகதிகளின் கப்பல் வருகிறது; மேய்ப்பனின் வேலைநிறுத்தம் வருகிறது. ஒரு வாணலிக்குள் இத்தனையா என்று வியப்பீர்கள். முதலில் வாணலியை அடுப்பில் ஏற்றுவோம். வரலாறு தானே பொரியும்.

அரைமணியில் ஆகும் உணவு

மாட்டின் பின்தொடைக் கறியில், அரை அங்குலக் கனத்தில் நான்கு துண்டுகள் வேண்டும். எடை ஏறத்தாழ அரைக் கிலோ. பலகைமீது வைத்து மரக் கொட்டாப்புளியால் இருபுறமும் தட்ட வேண்டும். கொட்டாப்புளி இல்லையேல் கனத்த பாத்திரத்தின் விளிம்பு போதும். அரை அங்குலக் கனம் கால் அங்குலமாகும் வரை தட்டுவது இந்தச் சமையலின் உயிர். இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

ஒரு தட்டில் ஒரு கோப்பை மைதா மாவு. அதில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். மற்றொரு தட்டில் ஒரு முட்டையை அரைக் கோப்பைப் பாலுடன் அடித்து வைத்தல். துண்டு முதலில் மாவிலே புரளட்டும். அடுத்து முட்டைப் பாலிலே மூழ்கட்டும். மீண்டும் மாவிலே படுக்கட்டும். முதல் மாவு ஈரத்தை உறிஞ்சும், முட்டை பசையாகும், இரண்டாம் மாவு மொறுமொறுப்பான போர்வையாகும். புரட்டிய துண்டுகளை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவைத்தால் மாவு நன்கு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயிலே உரிந்து போகாது.

வாணலி வார்ப்பிரும்பாக இருத்தல் நன்று. கனத்த இரும்பு தன்னுள் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். குளிர்ந்த கறி விழுந்தாலும் சட்டென்று ஆறிவிடாது. அரை அங்குல உயரம் எண்ணெய் வார்க்க வேண்டும். அந்நாளைய வீடுகளில் உருக்கிய பன்றிக் கொழுப்பை வார்த்தனர். ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் அது சீறி நுரைக்க வேண்டும். எண்ணெய் புகைதல் கூடாது. பக்கத்துக்கு மூன்று முதல் நான்கு நிமிடம், பொன்னிறம் வரும் வரை. நான்கு துண்டுகளையும் ஒருசேரத் திணித்தால் எண்ணெய் குளிர்ந்து, கறி பொரியாமல் ஊறும், ஆகவே இரண்டிரண்டாக.

அடுத்து, குழம்பு. கொழுப்பை வடித்துவிட்டு மூன்று மேசைக்கரண்டி மட்டும் வாணலியிலே நிறுத்த வேண்டும். அடியில் ஒட்டிய பழுப்புப் பொறுக்கைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது! மூன்று மேசைக்கரண்டி மாவைத் தூவி, சிறு தணலில் இரண்டு நிமிடம் கிளறினால் பச்சை வாடை போகும். இரண்டு கோப்பைப் பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறினால், கொதி வந்ததும் குழம்பு கெட்டியாகும். உப்பும், தாராளமாக மிளகுத்தூளும் சேர்த்து, பொரித்த கறியின்மேல் ஊற்றினால் உணவு ஆயிற்று. துணைக்கு மசித்த உருளைக்கிழங்கு.

இதிலே மந்திரம் இல்லை, மறைபொருள் இல்லை. மாவின் மணிகள் முதலில் கொழுப்பிலே தனித்தனியாக நனைந்துவிடுவதால், பால் சேரும்போது கட்டி தட்டுவதில்லை; சூடேறியதும் ஒவ்வொரு மணியும் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழம்பைத் தடிப்பாக்குகிறது. பழுப்பு நிறமும் மணமும் எங்கிருந்து வந்தன? புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் உயர்ந்த சூட்டிலே வினைபுரிவதால் வந்தன. அந்த வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிவியலார் லூயி கமில் மையார் பெயராலேயே அது இன்று வழங்குகிறது.

பெரியவர் சொன்னதும் கண் கண்டதும்

கறியைச் சுடுவது பற்றி உலகம் ஏமாந்த கதை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

யுஸ்டுஸ் ஃபன் லீபிக் என்பவர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் மாபெரும் வேதியலார். உரத்தின் அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். அவர் 1847-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். கறியின் மேற்புறத்தை முதலிலேயே பெருஞ்சூட்டில் வாட்டினால் மேலே ஓடு போன்ற தோல் உண்டாகும். சாறு வெளியேறாமல் உள்ளேயே அடைபட்டு நிற்கும் என்றார். சொன்னவர் மேதை, கேட்டவர் உலகத்தார். சமையல் நூல்கள் அதை எழுதின. சமையற்காரர்கள் அதை ஓதினர். ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் அது வழிவழியாக வந்தது.

ஆனால் வாணலியிலே கறி சீறிக்கொண்டிருந்தது! சீறுவது எது? வெளியேறும் நீர்தான். சுட்ட கறியைத் தட்டிலே வைத்தால் அடியில் சாறு கசிந்து தேங்கியது. ஒவ்வொரு சமையற்காரனும் நாள்தோறும் கண்ணாலே கண்டான். கண்டதை நம்பவில்லை, கேட்டதை நம்பினான். 1930-களில்தான் கறியை வாட்டியும் வாட்டாமலும் வேகவைத்து, முன்னும் பின்னும் தராசிலே நிறுத்துப் பார்த்தனர். வாட்டிய கறியும் நீரை இழக்கவே செய்தது. ஓடும் இல்லை, அடைப்பும் இல்லை! மேற்புறம் பழுப்பேறுவதால் சுவை கூடுகிறது; சாறு அடைபடுவதில்லை.

லீபிக் பெருமைக்கு இதனால் குறைவு ஒன்றும் இல்லை. அறிவியல், தன் அறிஞனின் தவற்றைத் தானே திருத்திக்கொள்கிறது. அதனால்தான் அது அறிவியல். ஆயினும் ஒன்றை நெஞ்சிலே நிறுத்துவோம்: ஒரு மேதையின் சொல்லைச் சோதிக்க உலகத்திற்கு வேண்டியிருந்த கருவி ஒரு தராசு. அந்தத் தராசு ஒவ்வொரு கறிக்கடையிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது!

தட்டுவது ஏன்?

கறியைத் தட்ட வேண்டும் என்றோமே, எதற்காக? எல்லாக் கறியையும் தட்டுவதில்லை. மாட்டின் முதுகுக்கறியைத் தட்ட வேண்டியதில்லை. அது தானே மென்மை. ஏன் மென்மை? அந்தத் தசைக்கு வேலை குறைவு. கால், தொடை, தோள் — இவை நாளெல்லாம் நடந்து, நின்று, இழுத்து, உடலைச் சுமக்கும் உறுப்புகள். உழைக்கும் தசையிலே இணைப்புத் திசு மிகுதி. ஆகவே அது கடினம். உழைக்காத தசை மென்மையாகி, விலையிலே உயர்ந்து, செல்வரின் மேசைக்குப் போயிற்று. உழைத்த தசை கடினமாகி, விலையிலே தாழ்ந்து, உழைத்த மனிதனின் வீட்டுக்கு வந்தது. என்ன பொருத்தம் பாருங்கள்!

அந்தக் கடினத்தை உடைக்க முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, மெல்லிய தணலிலே, நீரோடு சேர்த்து, மணிக்கணக்கில் வேகவைத்து இணைப்புத் திசுவைக் கரைப்பது. மற்றொன்று, தட்டி நார்களைச் சிதைப்பது. முதல் வழிக்கு விறகு வேண்டும், நேரம் வேண்டும். பருத்திக் காட்டிலிருந்தோ மேய்ச்சல் நிலத்திலிருந்தோ இருட்டிய பின் வீடு திரும்பியவனுக்கு நேரம் ஏது? அவன் கண்டதே இரண்டாம் வழி. வறுமை கொடுத்த வன்கறியைக் கைவலிமை மென்கறியாக்கியது. ஐந்து நிமிடத் தட்டலிலே அடங்கியிருப்பது ஒரு வகுப்பாரின் அறிவு.

இரண்டு ஊற்றுகள்

இந்த உணவு எப்படிப் பிறந்தது? தனியொருவன் ஒருநாள் கண்டுபிடித்ததன்று. இரண்டு ஊற்றுகள் ஒரு வாணலியிலே கலந்தன என்பதே ஆராய்ந்தோர் பலர் காட்டும் முடிவு.

முதல் ஊற்று, தென் மாநிலங்களின் அடிமைச் சமையல். மேரி ராண்டால்ஃப் என்ற வர்ஜீனியச் சீமாட்டி 1824-இல் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். கோழியைத் துண்டாக்கி, மாவு புரட்டி, கொதிக்கும் பன்றிக் கொழுப்பிலே பொரித்து, பாலும் வெண்ணெயும் மிளகும் கூட்டிக் காய்ச்சி மேலே ஊற்றும் முறை அதிலே இருக்கிறது. மாவு, கொழுப்பு, பாற்குழம்பு — மூன்றும் அன்றே அங்கே உள்ளன. நூலின் அட்டையிலே சீமாட்டியின் பெயர். ஆனால் அக்காலத் தென்னாட்டுப் பெருவீடுகளிலே அடுப்பின் முன் நின்று வெந்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்கள்! பல பண்ணைகளில் அடிமைகளுக்கு வளர்த்துக்கொள்ள விடப்பட்ட உயிர் கோழி ஒன்றே. கோழியைப் பொரிக்கும் கலையை அவர்கள் கைகள் செம்மை செய்தன. அவர்கள் ஏன் நூல் எழுதவில்லை என்று கேட்பீர்களோ? அடிமைக்கு எழுத்தறிவித்தலே குற்றம் என்று தென் மாநிலங்கள் பல சட்டம் செய்திருந்தன. எழுதுகோலைப் பறித்துவிட்டு, எழுதவில்லையே என்று கேட்பது என்ன நேர்மை?

ஆயினும் ஒரு குரல் எழுந்தது. ஆபி ஃபிஷர் என்பவர் அடிமையாய்ப் பிறந்த பெண்மணி. எழுதப் படிக்கத் தெரியாதவர். விடுதலை பெற்ற பின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே சமையற்கலையில் புகழ் பெற்றார். அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, பிறர் எழுதி, 1881-இல் அவர் பெயராலேயே தென்னாட்டுச் சமையல் நூல் வெளிவந்தது. அச்சேறிய ஒரு பெயருக்குப் பின்னே அச்சேறாத ஆயிரமாயிரம் பெயர்கள்!

இரண்டாம் ஊற்று, ஜெர்மானியக் குடியேறிகள். 1842-இல் ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் டெக்சாசில் குடியேற்றம் நடத்தச் சங்கம் அமைத்தனர். 1845-இல் நியூ பிரான்ஃபெல்ஸ், 1846-இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஆகிய ஊர்கள் எழுந்தன. கறியைத் தட்டி மெலிதாக்கி மாவு புரட்டிப் பொரிக்கும் 'ஷ்னிட்சல்' என்ற தம் நாட்டு உணவை வந்தவர்கள் நினைவிலே கொண்டுவந்தனர். அங்கே கன்றுக்கறி, இங்கே கிடைத்ததோ காட்டிலும் மேட்டிலும் திரிந்து இறுகிய நீள்கொம்பு மாட்டின் கறி. ஆகவே தட்டலும் கூடிற்று.

இந்தக் குடியேறிகளுள் ஒரு பிரிவாரை நாம் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். 1848-ஆம் ஆண்டு ஐரோப்பியப் புரட்சி நசுக்கப்பட்ட பின் நாடு விட்டு வந்த கற்றோர் பலர் அவர்களிடையே இருந்தனர். 'சுதந்திரச் சிந்தனையாளர்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். 1854-இல் எழுந்த கம்ஃபர்ட் என்ற ஊரிலே அவர்கள் மிகுதி. பல ஆண்டுக்காலம் அவ்வூரில் தேவாலயமே கட்டப்படவில்லை. பக்கத்து நிலங்களிலே அடிமை முறை கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவர்கள் அதை வெறுத்தனர். உள்நாட்டுப் போர் மூண்டபோது அடிமை மாநிலங்களின் பக்கம் நிற்க மறுத்து, ஒரு குழுவினர் மெக்சிகோவை நோக்கிப் புறப்பட்டனர். 1862 ஆகஸ்டு 10-இல் நியூவெசஸ் ஆற்றங்கரையிலே, விடியும் முன் அவர்களைப் படை சூழ்ந்து தாக்கிற்று. காயமுற்று வீழ்ந்தோரையும் பிடித்துக் கொன்றது. மாண்டவர்களுக்கு 1866-இல் எழுப்பிய நினைவுத்தூண் கம்ஃபர்ட் நகரிலே இன்றும் நிற்கிறது.

அடிமையின் அடுப்பும், அடிமை முறையை வெறுத்தவர்களும் இருந்த கூட்டத்தாரின் அடுப்பும் ஒரு வாணலியிலே சந்தித்தன! வாணலி நிறம் பார்ப்பதில்லை, பார்த்தவர்கள் மனிதர்கள்.

மேய்த்தவன் உண்டது என்ன?

அமெரிக்க மண்ணுக்கு மாடு சொந்தமன்று. 1493-இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்திலே கொண்டுவந்த கால்நடைகளோடுதான் அது அக்கண்டத்தில் கால் வைத்தது. ஸ்பானியர் கொணர்ந்த மாடுகளின் வழிவந்ததே டெக்சாசின் நீள்கொம்பு மாடு. அதற்கு முன் அச்சமவெளியிலே கோடிக்கணக்கில் திரிந்தது காட்டெருமை. அதை நம்பி வாழ்ந்தவர்கள் கொமாஞ்சி முதலான முதுகுடி மக்கள். 1870-களிலும் 1880-களிலும் காட்டெருமை தோலுக்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏறக்குறைய அழிந்தது. உணவை இழந்த மக்கள் நிலத்தையும் இழந்தனர். 1875-இல் கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் தம் மக்களோடு சரணடைந்தார். காலியான நிலத்திலே மாடு பெருகிற்று என்று பாடநூல் எழுதுகிறது. நிலம் காலியாக இல்லை; காலியாக்கப்பட்டது!

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாசில் மாடு ஒன்றுக்கு ஏறத்தாழ 4 டாலர் விலை. வடக்கு நகரங்களிலோ 40 டாலர். விலை வேறுபாடு வழியை உண்டாக்கிற்று. 1867-இல் கான்சஸ் மாநிலத்து அபிலீன் நகரிலே, இருப்புப்பாதை ஓரத்தில், ஜோசப் மெக்காய் என்ற வணிகர் மாட்டுத் தொழுவங்களை அமைத்தார். இலட்சக்கணக்கான மாடுகள் நூற்றுக்கணக்கான மைல் நடத்தப்பட்டு வடக்கே போயின.

நடத்தியவர்கள் யார்? திரைப்படத்திலே வெள்ளை முகமும் வெள்ளைக் குதிரையும் கண்டிருக்கிறோம். உண்மை வேறு. நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு, மெக்சிகர்களும் மிகுதி. 1865 ஜூன் 19-இல் கால்வெஸ்டன் துறைமுகத்திலே விடுதலை ஆணை படிக்கப்பட்ட பின், அடிமையாய் மாடு மேய்த்த பலர் கூலிக்கு மாடு மேய்த்தனர். அடிமையாய்ப் பிறந்த போஸ் ஐகார்டு, மாட்டுப் பண்ணையார் சார்லஸ் குட்நைட்டின் பெருநம்பிக்கைக்கு உரியவராய், அவருடைய பணத்தையே சுமந்து சென்றவர்.

அந்தக் குட்நைட் 1866-இல் படை வண்டி ஒன்றை மாற்றி அமைத்து, நடமாடும் அடுக்களை ஒன்றைச் செய்தார். அதிலே சமைத்தவர்கள் ஆடவர்! எல்லோரும் உறங்க, விடியலுக்கு வெகுமுன்னே எழுந்து தீ மூட்டியவர்கள். முரட்டு மேய்ப்பர்களும் முகம் கோணாதபடி பார்த்துக்கொண்ட மதிப்புக்கு உரியவர்கள். அடுக்களை பெண்ணுக்கே உரியது, ஆணுக்கு இழுக்கு என்பார்க்கு இது ஒரு விடை. கூலி கிடைக்கும் இடத்தில் சமையல் ஆண் தொழில். கூலி இல்லாத வீட்டில் அது பெண்ணின் கடமை! இது இயற்கை வகுத்ததா, கணக்குப் போட்டு வகுத்ததா?

ஆயிரமாயிரம் மாடுகளை ஓட்டிச் சென்றவன் நாள்தோறும் உண்டது பெரும்பாலும் பயறும் உப்பிட்ட பன்றிக்கறியும் ரொட்டியும். மாடு முதலாளியின் சொத்து! கால் ஒடிந்த மாடோ, வழிதவறிய மாடோ கிடைத்த நாளிலே கறித்துண்டு மாவு பூசிக் கொழுப்பிலே பொரிந்தது. அது விருந்து நாள். 1883-இல் டெக்சாஸ் வடபகுதி மேய்ப்பர்கள் மாதம் 50 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் மாற்று ஆள்களைக் கொண்டுவந்தனர், போராட்டம் தோற்றது. திரைப்படங்கள் அவர்கள் துப்பாக்கியைக் காட்டின, கோரிக்கையைக் காட்டவில்லை.

மாடு போய்ச் சேர்ந்த சிக்காகோவிலே 1865-இல் திறக்கப்பட்ட மாபெரும் தொழுவங்களும், அவற்றைச் சூழ்ந்து எழுந்த கறித் தொழிற்சாலைகளும். அங்கே குடியேறிய தொழிலாளர் பட்ட துயரை அப்டன் சின்கிளேர் 1906-இல் 'தி ஜங்கிள்' என்ற புதினமாக்கினார். நாடு கொதித்தது, அதே ஆண்டு இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. உண்பவனின் வயிறு காக்கப்பட்டது. உழைப்பவனின் கை காக்கப்படவில்லை. மக்களின் நெஞ்சைக் குறிபார்த்தேன், பட்டதோ வயிற்றில் என்ற பொருளில் ஆசிரியரே வருந்திச் சொன்னார்.

1930-களில் வறட்சி வந்தது. சமவெளியின் மண் புழுதியாய்ப் பறந்தது. தீனியின்றி எலும்பும் தோலுமாய் நின்ற மாடுகளை 1934-இல் அரசே விலைக்கு வாங்கியது. உண்ணத் தகாதவை கொல்லப்பட்டன. தகுந்தவை பதப்படுத்தப்பட்டு ஏழைகளுக்கு வழங்கப்பட்டன. அத்தகைய காலத்திலே சிறு கறித்துண்டையும் தட்டிப் பெரிதாக்கி, மாவால் போர்த்தி, வாணலியில் எஞ்சிய கொழுப்பையும் வீணாக்காமல் குழம்பாக்கி, குடும்பம் முழுவதற்கும் நிறைவளித்தது தாயின் அறிவு.

காற்புள்ளியிலே பிறந்த கதை

இத்தனையும் இருக்க, மக்களிடையே உலவும் கதை என்ன தெரியுமா?

1911-இல் டெக்சாசின் லமேசா என்ற ஊரிலே ஓர் உணவகம். ஜிம்மி டான் பெர்க்கின்ஸ் என்று ஒரு சமையற்காரன். பணிப்பெண் நீட்டிய சீட்டிலே 'சிக்கன்' ஓர் உணவு, 'ஃபிரைடு ஸ்டேக்' மற்றோர் உணவு. இடையிலே ஒரு காற்புள்ளி. சமையற்காரன் காற்புள்ளியைக் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, கோழியைப் போல மாட்டுக்கறியைப் பொரித்தான். புது உணவு பிறந்தது!

சுவையான கதை, மாணவர்க்குக் காற்புள்ளியின் அருமையை உணர்த்தவும் உதவும். ஆனால் அப்படி ஒரு சமையற்காரன் இருந்ததே இல்லை! 1970-களில் செய்தித்தாள் எழுத்தாளர் ஒருவர் வேடிக்கையாகக் கட்டிய கதை அது. ஒருவர் எழுதினார், மற்றொருவர் அதை எடுத்தாண்டார், மூன்றாமவர் மெய்யென்றே அச்சிட்டார். இன்று லமேசா நகரம் அந்த உணவின் பிறப்பிடம் என்று உரிமை கொண்டாடி விழா எடுக்கிறது. கட்டுக்கதையாளரின் காலத்திலேயே கட்டுக்கதை தலபுராணமாகிவிட்டது!

ஷ்னிட்சலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ராடெட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் படைத்தலைவர் இத்தாலிய மிலான் நகரிலிருந்து அதன் செய்முறையை வியன்னாவுக்குக் கொண்டுவந்தார் என்பர். அவர் வாழ்ந்தது 19-ஆம் நூற்றாண்டு. இந்தக் கதை அச்சிலே தோன்றுவதோ 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று மொழியறிஞர் ஆராய்ந்து காட்டிவிட்டனர்.

மெய்யான சான்று என்ன சொல்கிறது? 'சிக்கன் ஃபிரைடு ஸ்டேக்' என்ற சொல் இதுவரை கிடைத்தவற்றுள் முதன்முதல் அச்சில் காணப்படுவது 1914-இல். அதுவும் டெக்சாசில் அன்று, கொலராடோ மாநிலத்துச் செய்தித்தாளில் வந்த உணவக விளம்பரத்தில். செய்முறையோ சொல்லுக்கும் மிக முந்தியது.

பிழையான கதையால் என்ன கேடு, சிரித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். கேடு உண்டு, தோழர்களே! இல்லாத ஒரு சமையற்காரனுக்குப் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் கிடைத்துவிட்டன. மெய்யாக அடுப்பிலே நின்ற ஆயிரமாயிரம் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படைத்தலைவருக்குப் புகழ், பெயரற்ற பெண்ணுக்கு மறதி. தனியொருவனின் தற்செயல் என்று சொல்லிவிட்டால் தலைமுறைகளின் உழைப்பு மறைந்துவிடுகிறது. கட்டுக்கதை இடம் பிடிக்கும்போது எவரையோ இடம் பெயர்த்துவிட்டுத்தான் அமர்கிறது.

தட்டைப் பார்க்கும் கண்

1988-இல் ஓக்லஹோமா மாநிலம் தன் அரசு விருந்து என்று ஓர் உணவுப் பட்டியலைச் சட்டமன்றத்திலே அறிவித்தது. பொரித்த மாட்டுக்கறி அதிலே ஓர் உருப்படி. அருகிலேயே பொரித்த வெண்டைக்காய், காராமணி. இவ்விரண்டும் அடிமைக் கப்பல்களின் காலத்திலே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அடிமைகளின் உணவு அரசு உணவாயிற்று! உணவுக்குக் கிடைத்த உயர்வு மனிதனுக்கும் கிடைத்ததா? 2020-இல் கொரோனா நோய் பரவியபோது இறைச்சித் தொழிற்சாலைகளில் தோளோடு தோள் நின்று கறி அறுத்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர். குடியேறிகள் அவர்களுள் மிகுதி. அவ்வாண்டு ஏப்ரல் 28-இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, தொழிற்சாலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்றது. 1906-இன் குரல் காதிலே ஒலிக்கவில்லையா?

இந்த உணவைப் போற்றி வழிபடுமாறு நாம் சொல்லவில்லை. கொழுப்பு மிகுந்த உணவு இது. நாளெல்லாம் உடல் நோக உழைத்தவனுக்கு ஏற்றது. நாற்காலியிலே நாள் முழுதும் அமர்ந்தவனுக்கு என்றேனும் ஒருநாள் போதும். முன்னோர் உண்டார் என்பதற்காக உண்பதும் அறிவன்று. முன்னோர் விலக்கினார் என்பதற்காக விலக்குவதும் அறிவன்று. எது, எப்படி, ஏன் என்று கேட்டு உண்பதே அறிவு.

நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, அடுப்பின் முன் நில்லுங்கள். அரைமணி நேரச் சமையல் எவரையும் தாழ்த்திவிடாது. மேய்ச்சல் வெளியிலே ஆடவர் செய்த வேலை, வீட்டிலே மட்டும் இழிவாவது எப்படி? இரண்டாவது, எந்தத் தட்டு உங்கள் முன் வந்தாலும் அதன் வரலாற்றைக் கேளுங்கள். விளைத்தவர் யார், மேய்த்தவர் யார், அறுத்தவர் யார், சமைத்தவர் யார், அவர்களுக்குக் கிடைத்த பங்கு என்ன என்று கேளுங்கள். அழகான கதை ஒன்றைச் சொல்லி வாயை அடைக்க வருவார்கள். சான்று எங்கே என்று கேளுங்கள்.

மன்னர்களின் பட்டியல் ஏட்டிலே இருக்கிறது. அது எங்கும் போய்விடாது. வன்கறியை மென்கறியாக்கிய கைகளின் பட்டியல் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நாம்!